கேசத்தைக் கேட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்

போன வருஷம் தைப்பொங்கல் கழிந்து மூன்றாவது வாரம். காலை ஆறு மணி இருக்கும். என் கணவர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய தலைப்பாகைத் துணி. ஆறு மீட்டர் நீலத் துணி. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் கட்டி முடித்துவிடுகிற மனிதர். அன்றைக்கு அதை விரித்துப் பார்த்தார். மடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பவானி, இது என்ன துணி?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

அன்பான உறவுகளே, குருவின் வழியில் தமிழ் பேசிக்கொண்டு நடக்கிற நாம் கொஞ்சப் பேர்தான். அதனால் எனக்கு நடந்ததையும் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சில இடங்கள் எனக்கே இன்னும் விளங்கவில்லை. அவற்றை விளங்கியதுபோல எழுத எனக்கு மனமில்லை.

நான் மாத்தளையில் பிறந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முத்துமாரியம்மன் கோயில் மணி கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. வளைகுடாவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தபோதுதான் குர்மீத் சிங்கைச் சந்தித்தேன். பஞ்சாப்காரர். கனரக வாகன மெக்கானிக். அங்கே இருந்த குருத்வாராவில் திருமறையை நான்கு முறை வலம் வந்து கல்யாணம் செய்துகொண்டோம். பதினெட்டு வருஷம் ஆகிறது. மகள் சிம்ரன் பிறந்த பிறகு ஊருக்கு வந்து பல்லேபொலவில் ஒரு கராஜ் போட்டோம். உழவு மெஷின், தண்ணீர்ப் பம்பு, எல்லாம் பழுது பார்ப்பார். தமிழும் சிங்களமும் கலந்து ஒரு பாஷை பேசுவார். ஆட்களுக்கு அது விளங்கிவிடும்.

அவர் யார் என்பதுதான் ஆட்களுக்கு விளங்கவில்லை. தாடியைப் பார்த்துச் சிலர் முஸ்லிம் என்றார்கள். தலைப்பாகையைப் பார்த்துச் சிலர் சாமியார் என்றார்கள். நாட்டில் குண்டுகள் வெடித்த வருஷம் பல்லேபொலவிலிருந்து மாத்தளைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். "நான் இந்துவும் இல்ல, முஸ்லிமும் இல்ல, சீக்கியன்" என்று அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பொலிஸ்காரர் "அப்படியென்றால் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே கேள்வி உள்ளே இருந்தது. காலையில் அவர் குருவின் பாடல்களை ஓதும்போது தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். பிறகு எழுந்துபோய் அம்மன் படத்துக்கு விளக்கு வைப்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் பஞ்சாபுக்குப் போய் அமிர்தம் எடுத்து, தீட்சை பெற்று வந்தார். அதற்குப் பிறகு கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, சிறு வாள் எதையும் அவர் உடம்பை விட்டுப் பிரித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் கேசத்துக்கு ஒரு நாள் நான் பதில் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

நோயைச் சொல்கிறேன். மார்கழி மழையில் கராஜ் வாசலில் பாசி வழுக்கி விழுந்தார். டிரெய்லரின் இரும்பில் தலை பட்டது. தலைப்பாகை இருந்ததால் காயம் இல்லை. "பார்த்தியா, குரு ஹெல்மெட் குடுத்திருக்கார்" என்றார். நாங்கள் மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. பிறகு தேநீருக்கு உப்புப் போட்டார். சாவியைத் தேடிக்கொண்டே சாவியைக் கையில் வைத்திருந்தார். பிறகுதான் அந்தத் துணி.

ஒரு தனியார் டாக்டர் மனஉளைச்சல் என்று மாத்திரை தந்தார். அதைப் போட்டால் தூங்கினார், அவ்வளவுதான். மாத்தளையில் இருக்கிற என் அண்ணனின் மனைவி போனில், "யாரோ செஞ்சிட்டாங்க பவானி, சாமிய விட்டுட்டுப் போனதுக்குக் கெடச்ச பலன்" என்றாள். பக்கத்து வீட்டு ரிஸானா ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். நான் மாத்தளைக்குப் போய் அம்மனுக்கு அர்ச்சனை செய்தேன். திரும்பி வந்து அவருடைய சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதேன். எந்த வாசலைத் தட்டுவது என்றே தெரியவில்லை. ஒரு வாசலைத் தட்டினால் இன்னொரு வாசல் கோபித்துக்கொள்ளுமோ என்று பயம் வேறு. என் குழப்பம் பெரிதா, அவருடைய குழப்பம் பெரிதா என்று சொல்ல முடியாத நாட்கள் அவை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வலது காலை இழுத்து நடந்தார். சிம்ரனைப் பார்த்து, "இந்தப் பிள்ளை யார்?" என்று என்னிடம் பஞ்சாபியில் கேட்டார். பதினாறு வயதுப் பிள்ளை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்மா. இப்பவே" என்றாள்.

ரிஸானாவின் கணவர் நவ்ஷாத்தை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். தன் வான் வண்டியில் எங்களை ஏற்றினார். "நானா, இன்னைக்கு ஜும்ஆ தொழுகை இருக்கே" என்றேன். "அல்லாஹ்வுக்குத் தெரியும் தங்கச்சி. ஏறுங்க" என்றார். மாத்தளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த உடனே அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். நானா தன் வண்டியில் பின்னாலேயே வந்தார்.

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி என் கணவரின் இடுப்பில் இருந்த சிறு வாளைப் பார்த்துவிட்டார். உள்ளே விட மாட்டேன் என்றார். அவிழ்க்க நான் கை வைத்ததும் என் கணவர் என் கையைத் தட்டிவிட்டார். பெற்ற மகளையே மறந்தவருக்கு அது மட்டும் நினைவிருந்தது. நானா குனிந்து அவர் காதில் மெதுவாகச் சொன்னார்.

"சிங், நம்மட கராஜ் சாவி மாதிரி நெனச்சிக்கோங்க. எனக்கிட்ட தாங்க. நீங்க வெளிய வந்ததும் நானே கட்டி விடுறேன்."

அவர் நானாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"இத நீங்க வச்சிருந்து பொலிஸ் பார்த்தா என்ன நானா செய்வீங்க?" என்று பயந்து கேட்டேன். அவருக்கும் தாடி இருக்கிறது. குண்டு வெடித்த வருஷம் அவரையும் இறக்கிச் சோதித்தவர்கள்தான்.

"உண்மையச் சொல்லுவேன். நம்புறதும் நம்பாததும் அவங்க வேல" என்று சொல்லி, சால்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

வாட்டில் ஒரு பெண் டாக்டர் வந்தார். சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். விழுந்த அன்றிலிருந்து மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இரத்தம் துளித்துளியாகச் சேர்ந்திருக்கிறது. அது மூளையை அழுத்துகிறது. இரண்டு துளை போட்டு அதை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுவார். தாமதித்தால் சொல்ல முடியாது.

"தலையை மழிக்க வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

பேனாவை வாங்கினேன். கை நகரவில்லை. அவருடைய கேசம் இடுப்புக்குக் கீழே வரும். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. அது அலங்காரம் இல்லை, படைத்தவன் தந்ததைத் தந்தபடி வைத்திருப்பேன் என்ற வாக்கு. அதை வெட்டச் சொல்ல நான் யார்? அமிர்தம் எடுக்காதவள். அம்மனுக்கு விளக்கு வைக்கிறவள். அவர் சுயநினைவோடு இருந்தால் என்ன சொல்வார் என்று பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டு வைக்கவில்லையே.

பஞ்சாபில் இருக்கிற அவருடைய அண்ணனுக்குப் போன் எடுத்தேன். போன் வீடியோவில் தம்பியைப் பார்த்ததும் அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே ஹிந்தியில் சொன்னார்: "கேசத்தில் கை வைக்க விடாதே. உயிர் போனாலும் அவன் சீக்கியனாகப் போகட்டும். எழுந்து வந்தால் உன்னை மன்னிக்க மாட்டான்." கொழும்பு குருத்வாராவில் ஒரு பெரியவரைத் தெரியும். அவருக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

நடைபாதையின் முடிவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே போய் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் தினமும் செய்கிற அர்தாஸை, நம் பொதுப் பிரார்த்தனையை, தொடங்கினேன். பத்துக் குருமார்களின் பெயரும் வரிசையாக வரவில்லை. மூன்றாவது பெயரில் நின்றுவிட்டது. என் வாயில் தானாக "அம்மா, தாயே" என்று வந்தது. அதுவும் முடியவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்: "எனக்கு ஒண்ணும் தெரியல. யார் கேக்குறீங்களோ அவங்க கேளுங்க. இது பாவம்னா என் தலையில எழுதுங்க. அவர்கிட்ட கணக்குக் கேக்காதீங்க."

வானம் பிளக்கவில்லை. குரல் கேட்கவில்லை. குழாயில் யாரோ பாத்திரம் கழுவ வந்தார்கள், நான் நகர்ந்து நின்றேன். சிம்ரன் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா சிம்ரன்? அப்பா உன்கிட்ட எப்பவாவது சொன்னாரா?"

"எனக்கும் தெரியாதும்மா" என்றாள். "ஆனா எனக்கு அப்பா வேணும்."

உறவுகளே, அதுதான் பதிலா? எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அதைக் கேட்ட பிறகு என் கை நகர்ந்தது. போய்க் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்ததைத்தான் சாட்சியாகச் சொல்ல வந்தேன். மழிக்க வந்த தாதி தலைத்துணியை அவிழ்த்தார். கொண்டை சரிந்து முடி கட்டிலுக்குக் கீழே விழுந்தது. மெஷினைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா நின்றுவிட்டார். வயதான சிங்களப் பெண்மணி. "இது நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இது அவருடைய குருவுக்குக் கொடுத்த வாக்கு" என்றேன். அவர் மெஷினை வைத்துவிட்டு வெளியே போனார். டாக்டரோடு திரும்பி வந்தார்.

டாக்டர் தலையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு இரண்டு இடம் போதும். ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் அளவு. மீதி முடியைச் சுத்தமாகப் பிரித்து இறுக்கிப் பின்னித் தர முடியுமா? இருபது நிமிஷம் தருகிறேன். ஒரு முடிகூட வெட்டுகிற இடத்தில் விழக்கூடாது."

நான் கேட்காதது அது. அப்படி ஒன்று கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

அவருடைய மரச் சீப்பை எடுத்தேன். ஆனால் வகிடு நேராக வரவில்லை. இரண்டு தரம் பின்னி இரண்டு தரமும் அவிழ்ந்தது. அப்போது வாட்டு வாசலில் என் அண்ணன் வந்து நின்றார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. மாத்தளை டவுனில்தான் இருக்கிறார், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை. கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் சிம்ரன் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறாள். கையில் அம்மன் கோயில் திருநீறு இருந்தது.

"பூசலாமா பவானி?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் அனுமதி கேட்டார்.

"தெரியலண்ணா. அவர் சொல்ற நெலமையில இல்ல."

திருநீற்றை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "என்ன பின்னுற நீ? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கள வளர்த்தவன் நான். ஒங்க அண்ணி ஸ்கூலுக்கு ஓடிருவா, தெனமும் காலையில தலை பின்னுனது யாரு? தா சீப்ப."

என் கணவரின் தலையை நான் மடியில் தாங்கிக்கொண்டேன். சிம்ரன் முடியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். அண்ணன் வகிடெடுத்து, தண்ணீர் தொட்டு, கயிறு மாதிரி இறுக்கிப் பின்னினார். அந்தத் தாதி அம்மா பின்னலின் நுனியில் பன்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டினார். நானா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து, "இன்னம் ஆறு நிமிஷம் இருக்கு, அவசரப்படாதீங்க" என்றுகொண்டிருந்தார். என் கணவர் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்து, "நீங்க பார்பரா?" என்று கேட்டார். அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இல்ல மச்சான். நான் வெட்டுற ஆள் இல்ல" என்றார்.

மச்சான் என்று அவர் கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

இரும்புக் காப்பைக் கழற்றி என் கையில் போட்டுக்கொண்டேன். தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது. வெளியே நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நானா அஸர் தொழுதுவிட்டு ஓடி வந்தார். நானும் சிம்ரனும் வாஹேகுரு என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னோம். வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம்.

மறுநாள் காலை பார்க்க விட்டார்கள். கண்ணைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"பவானி, கராஜ் பூட்டினீங்களா? சுமனபாலட பம்பு வெளிய கெடக்கு."

சிம்ரன், "அப்பா, நான் யாரு?" என்றாள். "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். அதைவிட இனிமையான வசவை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

பிறகு கையைத் தூக்கித் தலையைத் தொட்டார். பன்டேஜ் கட்டைத் தொட்டார். பின்னல்களைத் தொட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டதை மறைக்கவில்லை. அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்ணீர் தலையணையில் இறங்கியது. இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷமா, கோபமா என்று தெரியாமல் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மூன்றாம் நாள் கேட்டார்: "யாரக் கேட்டுக் கையெழுத்து வச்சே?"

"யாரக் கேக்கணும்னு தெரியல. எல்லாரையும் கேட்டேன்" என்றேன்.

"எனக்கு நெனவு இருந்தா, நான் வச்சிருப்பேனா தெரியாது" என்றார். "பயமா இருக்கு அத நெனச்சா. நீ வச்சது நல்லம்."

அன்று மாலை கொழும்புப் பெரியவரே திருப்பிப் போன் எடுத்தார். நான் கூப்பிட்ட அன்றைக்கு அவர் பிரயாணத்தில் இருந்திருக்கிறார். வைத்தியத்துக்காக எடுத்தது ஆசைக்காக வெட்டியது ஆகாது, உயிரும் அவன் தந்ததுதான் என்றார். உடம்பு தேறியதும் இருவரும் வந்து ஒரு நாள் லங்கரில், எல்லோருக்கும் உணவிடுகிற சமையற்கூடத்தில், சமைத்துப் பரிமாறுங்கள் என்றார். போய்ச் செய்தோம். அந்தப் பெரியவரின் வார்த்தை அந்த வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். ஏன் வரவில்லை என்று பல தடவை கேட்டுவிட்டேன். பஞ்சாபில் இருக்கும் மூத்தவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவரும் தம்பியைக் காப்பாற்றத்தான் அழுதார்.

நானா சொன்ன சொல் தவறாமல் வாளை அவர் இடுப்பில் கட்டிவிட்டார். வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒருநாள் அவரிடம் மனசில் இருந்ததைக் கேட்டேன். "ஒங்க திருமறைக்குள்ள முஸ்லிம் ஞானி பாடினதும் இருக்கு, தோல் தைச்ச இந்து பக்தர் பாடினதும் இருக்குன்னு சொல்லுவீங்க. அப்ப ஏன் நீங்க மட்டும் தனி ஆளுங்க?"

அவர் தன் தமிழில் யோசித்துச் சொன்னார். "நாங்க தனி. ஆனா தனியா இல்ல."

அது இலக்கணப்படி சரியா தெரியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அந்த வாட்டில் நான் பார்த்தது அதுதான். யாரும் யாராகவும் மாறவில்லை. அண்ணன் அண்ணனாகவே இருந்தார், நானா நானாவாகவே இருந்தார். என் கணவர் சீக்கியராகவே உள்ளே போய் சீக்கியராகவே வெளியே வந்தார்.

இப்போது ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினத்திலும் கராஜைக் கழுவிப் பாய் விரித்து, ரொட்டியும் பருப்பும் சோறும் சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போடுகிறோம். இறைச்சி மீன் இல்லை, எல்லோரும் சாப்பிடலாம். ரிஸானா காய் வெட்ட வருகிறாள். அண்ணனும் அண்ணியும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் குர்முகி எழுத்துப் படிக்கிறேன். நாக்கு இன்னும் புரளவில்லை. அம்மன் தேருக்குப் போவதா வேண்டாமா என்று போன மாசியிலும் குழம்பினேன். அண்ணனோடு போய் நின்றேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். அமிர்தம் எடுக்கும் நாளை நான் இன்னும் குறிக்கவில்லை. உள்ளே தெளியட்டும் என்று காத்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்கலாம். பிரார்த்தனையின் வார்த்தை பாதியில் மறந்துபோயிருக்கலாம். எந்தப் பெயரில் கூப்பிடுவது என்றே தெரியாமலிருக்கலாம். தெளிவு வந்த பிறகு கேட்போம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். மூன்றாவது பெயரோடு நின்றுபோன என் பிரார்த்தனையைக் கேட்டவன் உங்களுடையதையும் கேட்பான். அவனுக்கு நன்றி. தெரியவில்லை என்றே சொல்லுங்கள், ஆனால் அவனிடம் சொல்லுங்கள்.